பெயர் மிஞ்சியது, பட்டறை போனது: திருகோணமலைத் துறைமுகத்து மெக்கானிக்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக்மாருக்கும், ஹாட்வெயார் கடைக்காரர்களுக்கும், தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

இந்த மடல் ஒரு ஸ்பனரைப் பற்றியது. பெருவிரலால் உருளையை உருட்டி வாயைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ஸ்பனர்தான். கொட்பேயில் படகு எஞ்சின் கழற்றுகிறவர் பெட்டியிலும், சீனக்குடாவில் குழாய் பொருத்துகிறவர் பையிலும், கிண்ணியாவில் உழவு இயந்திரம் திருத்துகிறவர் கையிலும் அது இருக்கும். அதை உலகமெங்கும் பரப்பிய அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெரியவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவிட்டன. பெயர்கள் மட்டும் கடைச் சுவர்களில் இன்னும் தொங்குகின்றன.

அந்தப் பெயர்களுக்கு இனியும் மேலதிகக் காசு கொடுப்பதா? பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய ஸ்பனர்களை இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடுவதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனிலோ டெட்ராய்ட்டிலோ இருப்பவரைவிட உங்களுக்கே தகுதி அதிகம். அதற்குக் காரணம் இந்தத் துறைமுகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் ஸ்பனரின் பிறப்பு. அது அமெரிக்கச் சரக்காகத் தொடங்கவில்லை. இங்கிலாந்தின் ரிச்சர்ட் கிளைபர்ன் 1842இல் ஒன்று செய்தார். இன்று நாம் பிடிக்கும் வடிவத்துக்கு நெருங்கியதற்கு, சுவீடனின் என்ஷோப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்த யொஹான் பெட்டர் யொஹான்சன் 1892இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் நட்டுகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை. குழாய் வேலைக்குப் போகிறவர் ஒரு மூட்டை ஸ்பனர்களைச் சுமந்து போக வேண்டும். போன பிறகும் அங்கிருக்கும் நட்டுக்கு ஒன்றும் பொருந்தாமல் நிற்க வேண்டும். அந்த மூட்டையை ஒரே கருவியாக்குவதுதான் யொஹான்சனின் எண்ணம். அவருடைய கருவிகளை பி. ஏ. ஹியோர்ட் நிறுவனம் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே இன்று நீங்கள் அறிந்த பாக்கோ.

அமெரிக்காவில் இந்த ஸ்பனரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் பெரும்பாலும் சுவீடன் வழி வந்தவர்களே. நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன், சுவீடன் குடியேறிகள் நிறைந்த ஊர். அங்கே 1907இல் கார்ல் பீற்றர்சன் கிரெசென்ட் டூல் கம்பனியைத் தொடங்கினார். மோட்டார் கார் பரவிய காலம் அது. வண்டி வாங்கியவர் எல்லோருக்கும் ஒரு ஸ்பனர் தேவைப்பட்டது. சில பத்தாண்டுகளில், எந்தக் கம்பனி செய்த அட்ஜஸ்டபிள் ஸ்பனரையும் அமெரிக்கர் கிரெசென்ட் என்றே கேட்டு வாங்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஊன்றிவிட்டது.

மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் கதை இன்னும் சுவையானது. ஒட்டோ ஸ்வான்ஸ்ட்ரம் 1908இல் அங்கே நிறுவிய டயமண்ட் கம்பனி, குதிரை பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க லாடத்தில் பொருத்தும் கூர்களைச் செய்தது. கார் வந்து குதிரையை ஓரங்கட்டியதும், லாடம் அடித்த அதே சுத்தியல் இயந்திரங்களில் ஸ்பனர் அடிக்கத் தொடங்கினார்கள். வாடிக்கையைக் கெடுத்த காரையே வாடிக்கையாக்கிக்கொண்ட கம்பனி அது. அப்படிப்பட்ட கம்பனியும் கடைசியில் தப்பவில்லை. அதைப் பின்னர் பார்ப்போம்.

இப்போது திருகோணமலைக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியபோது, சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எதிர்த்து எழும்பியவை ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் மெர்லின் எஞ்சினில் இருந்தவை பிரித்தானியத் திருகுப் புரிகள். இரண்டு ஆண்டு கழித்து, 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி, அதே சீனக்குடாவிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றின் ரைட் எஞ்சின்களில் இருந்தவை அமெரிக்கப் புரிகள். இடையில் 1944 மார்ச் இறுதியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரடோகா உள்துறைமுகத்துக்கு வந்து, ஏப்ரல் 19இல் பிரித்தானியக் கப்பலான இலஸ்ட்ரியஸுடன் சேர்ந்து சுமாத்திராவை அடுத்த சபாங்கைத் தாக்கியது. கப்பலும் விமானமும் வந்தால் அவற்றைத் திருத்தும் ஆட்களும் பெட்டிகளும் கூடவே வரும்.

ஒரே துறைமுகத்தில் இரண்டு நாட்டு நட்டுகள் கலந்தால் என்ன தொல்லை என்பதை எண்ணில் சொல்வதே நல்லது. இங்கிலாந்தின் ஜோசப் விற்வேர்த் 1841இல் வகுத்த புரிக்கு 55 பாகைக் கோணம். அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்வைத்ததற்கு 60 பாகை. அரை இஞ்சி விற்வேர்த் போல்ட்டின் தலை, ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 0.92 இஞ்சி; அதாவது 23.4 மில்லிமீற்றர். அதே அரை இஞ்சி அமெரிக்கப் போல்ட்டின் தலை முக்கால் இஞ்சி. 19 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். இரண்டையும் அரை இஞ்சி என்றே அழைப்பார்கள். ஒன்றின் ஸ்பனர் மற்றதில் ஏறாது, ஏறினால் நிற்காது. போர்க்காலத்தில் மெர்லின் எஞ்சினை அமெரிக்காவில் செய்யப் பொறுப்பேற்ற பக்கார்ட் கார்க் கம்பனி, பிரித்தானியப் புரி வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தத் தலையிடி தீர அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 1948 நவம்பரில் ஒருங்கிணைந்த புரி அளவுக்குக் கையொப்பமிட்டன. ஏற்கெனவே பொருத்தியிருந்த நட்டுகளை அந்தக் கையொப்பத்தால் மாற்ற முடியவில்லை.

1957இல் பிரித்தானியக் கடற்படை இந்தத் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் போனது. விற்வேர்த் நட்டுகள் இங்கேயே தங்கின. தெற்கே அம்பாறைப் பக்கம், சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டுகளில் கல்லோயா அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனி. கிழக்கு மாகாணத்துக்கு அமெரிக்க மண்ணள்ளும் இயந்திரங்கள் அந்த வழியாக வந்தன. 1960இல் செக்கோஸ்லவாக்கிய உதவியுடன் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை எழுந்தது. அதனோடு மெட்ரிக் அளவு மாவட்டத்துக்குள் வந்தது. 1980களில் சிங்கப்பூர் பிறிமாவின் மா ஆலையும் ஜப்பானியக் கூட்டில் அமைந்த டோக்கியோ சீமெந்தும் குடாவின் கரையில் நின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த பைபர் படகுகளோடு ஜப்பானிய எஞ்சின்கள் இந்தக் கரை முழுவதும் பரவின. 12 மில்லிமீற்றர் ஜப்பானியப் போல்ட்டுக்கு 17 அல்லது 19 சாவி.

ஒரே ஊரில் இத்தனை நாட்டு இரும்பு. இவற்றில் எதையும் இந்த ஊர் செய்யவில்லை. எல்லாவற்றையும் இந்த ஊர்தான் திருத்தியது. யொஹான்சனின் குழாய்க்காரர் சுமந்த மூட்டையைத் திருகோணமலை மெக்கானிக் எண்பது ஆண்டுகளாகச் சுமக்கிறார். அட்ஜஸ்டபிள் ஸ்பனர் இங்கே இல்லாமல் முடியாத கருவியானது அதனால்தான்.

இனி, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கிரெசென்ட் 1960இல் வேறொரு கம்பனியோடு இணைந்தது. 1968இல் கூப்பர் இண்டஸ்ட்ரீஸ் அதை வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி ஜேம்ஸ்டவுனை விட்டுத் தெற்கே, தென் கரோலைனாவின் சம்டருக்குப் போனது. 2010இல் கூப்பரும் டனஹர் கம்பனியும் தத்தம் கைக்கருவிப் பிரிவுகளைச் சேர்த்து ஏபெக்ஸ் டூல் குழுமத்தை உருவாக்கின. 2013இல் அது பெயின் கெப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. இன்று கிரெசென்ட் பெயரில் கடைக்கு வரும் அட்ஜஸ்டபிள் ஸ்பனர் சீனாவில் செய்தது. குதிரை லாடத்திலிருந்து எழுந்த டயமண்டும் 1980களில் வேறொரு கம்பனியின் கைக்குப் போனது. 1994இல் டுலூத் ஆலை மூடப்பட்டது.

அமெரிக்கர்கள் அதிகம் அறிந்த இன்னொரு பெயர் கிராஃப்ட்ஸ்மன். சியர்ஸ் கடைத்தொகுதியின் சொந்தப் பெயர் அது; ஆனால் சியர்ஸ் எதையும் தானே செய்யவில்லை. அதன் அட்ஜஸ்டபிள் ஸ்பனர்களையும் பிளையர்களையும் நீண்ட காலம் செய்துகொடுத்தது கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வெஸ்டேர்ன் ஃபோர்ஜ். சியர்ஸ் தளர்ந்தது, வேலைகள் வெளிநாடு போயின, 2017இல் கிராஃப்ட்ஸ்மன் பெயரை ஸ்டான்லி பிளக் அண்ட் டெக்கர் வாங்கியது, 2020இல் வெஸ்டேர்ன் ஃபோர்ஜ் மூடியது. கிராஃப்ட்ஸ்மன் கருவிகளை மறுபடி அமெரிக்காவில் செய்வோம் என்று 2019இல் அறிவித்து, ஸ்டான்லி டெக்சாஸின் ஃபோர்ட் வேர்த்தில் புத்தம்புது ஆலை கட்டியது. ஆட்கள் குறைவாகவும் தானியங்கி இயந்திரங்கள் நிறையவுமாகத் திட்டமிடப்பட்ட ஆலை. அந்த இயந்திரங்கள் நினைத்தபடி ஓடவில்லை. 2023 மார்ச்சில் ஆலையை மூடப்போவதாகக் கம்பனி அறிவித்துவிட்டது.

சீனக் கூலி மலிவு, அதனால் அமெரிக்கா தோற்றது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பாதி உண்மைதான் அது. மற்றப் பாதியைச் சொல்ல வேறு நாட்டுக் கம்பனிகள் இருக்கின்றன. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் இரேகா என்ற கம்பனி அட்ஜஸ்டபிள் ஸ்பனரையே தன் சிறப்புத் தொழிலாக வைத்து ஓடுகிறது. ஜப்பானின் ஒசாகாப் பகுதியில் லொப்ஸ்டர் பெயரில் ஸ்பனர் செய்யும் கம்பனி 1888இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. பாக்கோ 1999இலிருந்து அமெரிக்காவின் ஸ்னாப்-ஒன் கம்பனிக்குச் சொந்தமானாலும் அதன் ஸ்பனருக்குப் பெயர் கெடவில்லை. ஸ்பெயினும் ஜப்பானும் மலிவுக் கூலி நாடுகள் அல்ல. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் மெட்வில்லில் இருக்கும் சனலொக், 1886இல் தொடங்கிய குடும்பக் கம்பனி; அது, தன் பிளையர்கள் அமெரிக்காவில் செய்தவை என்று பெருமையோடு விளம்பரம் செய்யும். அதே கம்பனி தன் அட்ஜஸ்டபிள் ஸ்பனரைப் பல ஆண்டுகளாக ஸ்பெயினில்தான் செய்வித்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? இந்த ஸ்பனரில் பெரிய துண்டுகள் நான்கு: உடல், நகரும் வாய், உருளை, அதைத் தாங்கும் ஊசி. எண்ணிக்கையில் கொஞ்சம், ஆனால் வேலை நுணுக்கம். உடலைக் காய்ச்சி அச்சில் வைத்து அடிக்க வேண்டும், நகரும் வாய் ஓடும் பள்ளத்தை இழையளவும் பிசகாமல் வெட்ட வேண்டும், உருளையின் புரியும் வாயின் பற்களும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும், பிறகு தோய்ச்சல். பள்ளம் சற்று அகன்றால் வாய் ஆடும். தோய்ச்சல் தவறினால் வாய் நெளியும் அல்லது உடையும். அடிக்கும் அச்சு தேயத் தேயப் புதிது வெட்டும் ஆள் ஆலையிலேயே இருக்க வேண்டும். அந்த ஆளுக்கும் அந்தச் சுத்தியல் இயந்திரத்துக்கும் பணம் போட, அடுத்த இருபது ஆண்டும் இதே தொழிலில் இருப்பேன் என்று நினைக்கும் முதலாளி வேண்டும். பல முறை கை மாறிய கம்பனிகளுக்கு அப்படிப்பட்ட முதலாளி அமையவில்லை. வாங்கியவர்களுக்குப் பெயர்தான் சொத்து. பட்டறை செலவுக் கணக்கு.

கடையும் மாறியது. ஹோம் டிப்போ, வோல்மார்ட் போன்ற பெருங்கடைகள் வந்ததும் தெருமுனை ஹாட்வெயார்க்காரர் போனார். எந்த ஸ்பனர் உடைந்து திரும்பி வந்தது என்று கம்பனிக்குச் சொன்னவர் அவர்தான். தேவையும் மாறியது. காற்றிலும் பற்றரியிலும் ஓடும் இம்பக்ட் கருவிகளும் சொக்கட் செட்டுகளும் பட்டறைகளை நிறைத்தன. அட்ஜஸ்டபிள் ஸ்பனர் தொழில்காரரின் பெட்டியிலிருந்து வீட்டு லாச்சிக்கு இறங்கியது. வீட்டுக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் சாமானுக்கு விலைதான் முதல் கணக்கு.

இந்தியாவின் கதை இதற்கு மறுபுறம். நாசிக்கில் டபாரியா கம்பனி சுவீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டோடு 1969இல் கைக்கருவி செய்யத் தொடங்கியது. கூட்டு முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. ஜலந்தர், லூதியானா நகரங்கள் உலகச் சந்தைக்குக் கைக்கருவி அனுப்பும் ஊர்களாயின. அறிவு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும். போன இடத்தில் பட்டறையை யாராவது விடாமல் பிடித்துக்கொண்டால் தங்கும்.

பட்டறை மூடினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு வெளிநாட்டுக் கதையால் சொல்லத் தேவையில்லை. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1993இல் நின்றது. அதன் இயந்திரங்கள் துருப்பிடித்ததை இந்த மாவட்டமே பார்த்தது. அந்த இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே எது தேய்ந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் வேறு தொழில்களுக்குப் போனதை அவ்வளவாக யாரும் கணக்கெடுக்கவில்லை. டுலூத்திலும் ஜேம்ஸ்டவுனிலும் நடந்தது அதுவே.

ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிராஃப்ட்ஸ்மன் ஸ்பனர் உடைந்தால் அவர் சியர்ஸ் கவுண்டரில் வைத்துப் புதியதை வாங்கிக்கொண்டு போனார், ஆயுட்கால உத்தரவாதம். அதனால் அவர் ஸ்பனரைப் பார்த்து வாங்கப் பழகவில்லை. பெயரைப் பார்த்து வாங்கினார். பெயர் கைமாறியபோது ஏமாந்தார். திருகோணமலையில் அந்தக் கவுண்டர் ஒருநாளும் இருந்ததில்லை. இங்கே ஒரு கருவி கெட்டால் கெட்டதுதான். எனவே கையில் எடுத்து, ஆட்டிப் பார்த்து, வாயைத் திறந்து மூடிப் பார்த்து வாங்குகிற பழக்கம் இந்த ஊரின் மூத்த மெக்கானிக்மாரிடம் இருக்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் சாமான் வராமல் போனபோது, பழையதைக் கழற்றிச் சேர்த்து ஓட்டியதும் அதே பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் எழுத்தில் இல்லை. இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கப்படுவதும் குறைந்துவிட்டது. எனவே அதை இங்கே ஒருமுறை வரிசைப்படுத்துவது பொருந்தும்.

வாங்கும்போது வாயைப் பாதி திறந்து, நகரும் வாயைப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் அசைத்துப் பாருங்கள். மிகச் சிறிய அசைவு எதிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிய ஆடினால் அது நட்டின் மூலையைத் தின்னும். பிறகு வாயை மெல்ல மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு வாய்க்கும் இடையிலான ஒளிக்கீற்று அடி முதல் நுனி வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். உருளையை முழு ஓட்டத்துக்கும் உருட்டுங்கள். எங்காவது இறுகி எங்காவது தளர்ந்தால் பற்கள் சரியாக வெட்டப்படவில்லை. உடலின் ஓரத்தைத் தடவுங்கள். அடித்துச் செய்ததில் பிதுங்கிய இரும்பை அரைத்த அகலமான தடம் பெரும்பாலும் தெரியும். வார்த்ததில் மெல்லிய கோடும் மணல் போன்ற சொரசொரப்பும் இருக்கும். ஊசியைத் திருகிக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். கழற்ற முடிந்தால் உருளையோ அதன் சுருள்வில்லோ தேய்ந்தாலும் ஸ்பனர் பிழைக்கும்.

எழுத்தையும் வாசியுங்கள். அமெரிக்கச் சட்டப்படி அங்கே இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும்; அமெரிக்காவில் செய்தது என்று சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே செய்திருக்க வேண்டும். எனவே அமெரிக்கப் பெயர் கொட்டையெழுத்திலும் இன்னொரு நாட்டின் பெயர் பொடியெழுத்திலும் இருந்தால், பொடியெழுத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் நாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சீனாவில் செய்த எல்லாம் மட்டமல்ல. அதே ஆலை, கேட்கிறவர் கேட்ட தரத்துக்கும் கொடுத்த விலைக்கும் ஏற்ப நல்லதும் செய்யும், சொத்தியும் செய்யும். ஆட்டமும் ஒளிக்கீற்றும் சொல்வதைப் பெட்டியின் மேல் அச்சிட்ட கொடி சொல்லாது.

பாவிக்கும்போது ஒன்று: பாரம் எப்போதும் அசையாத வாயின் மேல் விழ வேண்டும். இழுக்கும் பக்கம் நகரும் வாய் இருக்குமாறு பிடித்தால் அப்படி விழும். மாறிப் பிடித்தால் பாரம் நகரும் வாயின் நுனியில் ஏறி, பள்ளத்தை விரிக்கும். கைப்பிடியில் குழாயைச் செருகி நீட்டுவதும், ஸ்பனரைச் சுத்தியலாக்குவதும் நல்ல ஸ்பனரையும் ஒரே நாளில் கிழடாக்கும். கடல் வேலைக்குப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அளவு தெரிந்த நட்டுக்கு ரிங் ஸ்பனரே சிறந்தது என்பதில் எந்த மெக்கானிக்கும் வாதாட மாட்டார். அளவு தெரியாத நட்டுதான் இந்த ஸ்பனரின் வேலை. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இனி இம்மடலின் வேண்டுகோள்கள்.

மெக்கானிக்மாரே, இரும்பு லொறிக்காரரிடம் பழைய பெட்டியைக் கொட்டுமுன் அதிலிருக்கும் ஸ்பனர்களை ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எழுத்தைப் பாருங்கள். ஜேம்ஸ்டவுன் என்று எழும்பி நிற்கும் எழுத்தில் இருந்தால், அது 1980களுக்கு முன் கிரெசென்ட்டின் சொந்த ஊரில் அடித்தது. டுலூத் என்றிருந்தால் லாடக்காரரின் பட்டறையில் அடித்தது. அவை கிலோ விலைக்குப் போகும் சாமான்கள் அல்ல. துருவால் இறுகியவை பல, சுருள்வில்லையும் ஊசியையும் மாற்றினால் மறுபடி ஓடும். வாய் சற்றுத் தேய்ந்திருந்தால் அரத்தால் மெல்லச் சமன் செய்யலாம். நெருப்பில் காய்ச்சாதீர்கள், வெல்டிங் போடாதீர்கள், தோய்ச்சல் போய்விடும்.

ஹாட்வெயார் கடைக்காரர்களே, விலைச் சீட்டில் செய்த நாட்டின் பெயரையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டிய ஸ்பனரை வாடிக்கையாளர் எப்படி ஆட்டிப் பார்ப்பார்? ஒவ்வொரு வகையிலும் ஒன்றை உறையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். மட்டச் சரக்கு விற்றுப்போகாது என்று பயந்தால், அடுத்த முறை கொழும்பிலிருந்து அதை எடுக்காமல் விடலாம். எட்டு இஞ்சி, பன்னிரண்டு இஞ்சி என்று இன்றும் இஞ்சியில் கேட்டு வரும் மூத்தவர்களோடு சற்று நின்று கதையுங்கள். எந்தச் சரக்கு திரும்பி வரும் என்பதை அவர்கள் உங்களுக்கு முன்பே சொல்வார்கள்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியாக மலிவானதை வாங்கி ஆண்டுக்கொன்று எறிவதைவிட, சங்கமாகச் சேர்ந்து நல்லதைப் பார்த்து ஒரே தடவையில் எடுப்பது கணக்குக்கும் நல்லது, நட்டுக்கும் நல்லது.

தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்களே, உங்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு விற்வேர்த் போல்ட், ஒரு அமெரிக்கப் போல்ட், ஒரு ஜப்பானியப் போல்ட் மூன்றையும் மாணவர் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். உடைந்த மட்ட ஸ்பனர் ஒன்றையும் ஓய்ந்துபோன பழைய நல்ல ஸ்பனர் ஒன்றையும் குறுக்கே வெட்டி, பள்ளத்தையும் பற்களையும் இரும்பின் மணியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை அந்த ஒரு மணித்தியாலம் சொல்லிவிடும். ஓய்வுபெற்ற மெக்கானிக்மாரை ஒரு நாள் அழைத்து, அவர்கள் கருவிகளை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்று பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். மாணவர் தம் வீட்டிலும் அயலிலும் கிடக்கும் பழைய ஸ்பனர்களின் எழுத்துகளைப் படமெடுத்து, எந்த ஊரில் அடித்தது, யார் பாவித்தது, எந்த வேலைக்கு என்று ஒரு பதிவேட்டில் சேர்க்கட்டும். விற்வேர்த் நட்டோடு வேலை பழகியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை அடுத்த தவணையிலேயே தொடங்கினால் அவர்களிடம் நேரிலேயே கேட்டு எழுதலாம்.

அன்புடன்,
திருகோணமலையின் பட்டறைகளை அறிந்த ஒருவர்